வீட்டுக்கு ஏ3+ போட்டோ பிரிண்டர்: வாங்கினா லாபமா, லேப்ல கொடுத்தா லாபமா? முழு கணக்கு



சேனல்ல கேமரா இஎம்ஐ பத்தின வீடியோ போட்டதிலிருந்து இந்த மாதிரி கேள்வி நிறைய வருது: "வீட்லயே பெரிய சைஸ் போட்டோ பிரிண்ட் எடுக்க ஒரு பிரிண்டர் பார்த்து வெச்சிருக்கேன். நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு. மாசம் நாலு பிரிண்ட் வித்தா இஎம்ஐ அதுலயே வந்துடும். வாங்கலாமா?"

இதுக்குள்ள மூணு கேள்வி இருக்கு. எந்த பிரிண்டர்? அது காசை திருப்பித் தருமா? வித்தா வரி என்ன? மூணையும் வரிசையா பார்க்கலாம். சுருக்கமான பதில் முதல்லயே சொல்லிடறேன். சாதாரண கலர் லேப் பிரிண்ட்டை மிச்சப்படுத்தலாம்னு வாங்கினா, வீட்டு பயன்பாட்டுக்கு இந்த கணக்கு பெரும்பாலும் கட்டாது. ஃபைன் ஆர்ட் பிரிண்ட்டுக்கு ஏற்கனவே லேப்ல தொடர்ந்து செலவு பண்றவங்களுக்கு மட்டும் கட்டலாம். ஏன்னு கீழே பாருங்க.

1. "பெரிய சைஸ்"னா எவ்வளவு?

கடையில "லார்ஜ் ஃபார்மட்"னு கேட்டா 24 இன்ச், 44 இன்ச் அகல ரோல் பிரிண்டரைக் காட்டுவாங்க. அது ஸ்டுடியோவுக்கும் ஃபிளெக்ஸ் கடைக்கும். வீட்டு மேசைக்கு நடைமுறையில ரெண்டு சைஸ்தான்.

ஏ3+: பேப்பர் 13 x 19 இன்ச். இதுல 12 x 18 படம் எடுத்தா நாலு பக்கமும் அரை இன்ச் வெள்ளை பார்டர் கிடைக்கும். ஃபிரேம் போட இது வசதி.

17 இன்ச்: ஏ2 வரைக்கும் எடுக்கலாம். ஆனா இடம் யோசிங்க. இந்த வகையில கேனன் புரோ-1000 சுமார் 32 கிலோ. வாடகை வீட்ல 2-வது மாடிக்கு தூக்கிட்டுப் போய், அடுத்த வருஷம் வீடு மாறும்போது மறுபடியும் தூக்கணும். எப்சன் பி900 அதுல பாதி எடைதான்.

எந்த சைஸ் வேணும்னு உங்க படமே சொல்லும். பிக்சலை இன்ச்சால வகுத்துப் பாருங்க. 24 மெகாபிக்சல் கேமரா படம் 6000 x 4000 பிக்சல். 18 இன்ச் நீளத்துக்கு எடுத்தா இன்ச்சுக்கு 333 பிக்சல், தாராளம். 12 மெகாபிக்சல் போன் படம் 4000 பிக்சல் நீளம், இன்ச்சுக்கு 222. சுவர்ல மாட்டி தள்ளி நின்னு பார்க்க இது போதும். அதே படம் வாட்ஸ்அப்ல சுருங்கி 1600 பிக்சலா வந்திருந்தா இன்ச்சுக்கு 89 தான். அதை எவ்வளவு விலை பிரிண்டர்ல போட்டாலும் மங்கலாத்தான் வரும். உங்ககிட்ட இருக்கிறது பெரும்பாலும் வாட்ஸ்அப்ல வந்த குடும்ப படங்கள்னா, ஒரிஜினல் ஃபைலை டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லி வாங்கிட்டு, அப்புறம் பிரிண்டர் பத்தி யோசிங்க.

2. டை இங்க்கா, பிக்மென்ட் இங்க்கா?

இந்த ஒரு தேர்வுதான் விலை, பிரிண்ட் செலவு, படத்தோட ஆயுள் மூணையும் முடிவு பண்ணுது.

டை இங்க் தண்ணியில கரைஞ்ச சாயம். கிளாஸி பேப்பர்ல பளிச்னு இருக்கும், மை விலை குறைவு. வெளிச்சம் பட பட வெளிறும். பாட்டில்ல மை ஊத்துற டேங்க் மாடல்கள் பெரும்பாலும் இந்த வகை. எப்சன் எல்1800, அதுக்கப்புறம் வந்த எல்18050 ரெண்டும் ஏ3+, ஆறு கலர்.

பிக்மென்ட் இங்க்ல நுண்ணிய துகள்கள் பேப்பர் மேல உட்காரும். வெளிறது ரொம்ப மெதுவா நடக்கும். பருத்தியில செஞ்ச ஃபைன் ஆர்ட் பேப்பருக்கு இதுதான் சரி. சாம்பல் நிற மைகளும் தனியா இருக்கிறதால கருப்பு வெள்ளை படம் சுத்தமா வரும். கேனன் புரோ-300, எப்சன் பி700 (ரெண்டும் ஏ3+), பி900, புரோ-1000 (ரெண்டும் 17 இன்ச்) எல்லாம் இந்த வகை. மை விலை அதிகம்.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. விலைப்பட்டியல்ல பிரிண்டர் விலை மட்டும்தான் பெரிசா தெரியும். மை எத்தனை மில்லினு சின்ன எழுத்துல இருக்கும். புரோ-300ல ஒரு கார்ட்ரிட்ஜ் 14.4 மி.லி., பி700ல 25, பி900ல 50, புரோ-1000ல 80. சின்ன கார்ட்ரிட்ஜ்ல பொதுவா மில்லிக்கு விலை அதிகம் விழும். இன்னொண்ணு, புது பிரிண்டரோட வர்ற முதல் செட் மையில ஒரு பகுதி உள்ள இருக்கிற குழாய்களை நிரப்பவே போயிடும். ஒரு ஃபுல் செட் மை விலையையும் சேர்த்து பட்ஜெட் போடுங்க.

"ஏ3 கலர் பிரிண்டர் இதைவிட கம்மி விலைக்கு இருக்கே"னு கேட்பீங்க. அது நாலு கலர் ஆபீஸ் மாடலா இருக்கலாம். லைட் சயான், லைட் மெஜந்தா இல்லாததால முகத்தோட நிறத்துல புள்ளி புள்ளியா தெரியும். பாஸ்போர்ட் சைஸ்ல தெரியாது, 12 x 18ல தெரியும்.

3. ஒரு பிரிண்ட்டோட உண்மையான செலவு

கீழே இருக்கிற விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட எண்கள். உங்க ஊர் கடையில, லேப்ல கேட்டு அந்த இடத்துல உங்க எண்ணை போட்டுக்கோங்க. முறை மாறாது.

12 x 18 இன்ச்னா 1.5 சதுர அடி. சதுர அடிக்கு 1.5 மி.லி. மைனு வெச்சா, ஒரு படத்துக்கு 2.25 மி.லி.

டை டேங்க் பிரிண்டர், சாதாரண கிளாஸி பேப்பர்:
- மை: 2.25 மி.லி. x ₹12 = ₹27
- பேப்பர்: ₹40
- கலர் சரியில்லாம திரும்ப எடுக்கிறது, 15%: ₹10
- மொத்தம்: ₹77

பிக்மென்ட் பிரிண்டர், ஃபைன் ஆர்ட் பேப்பர்:
- மை: 2.25 மி.லி. x ₹75 = ₹169
- பேப்பர்: ₹250
- திரும்ப எடுக்கிறது, 15%: ₹63
- மொத்தம்: ₹482

அந்த 15 சதவீதத்தை யாரும் கணக்குல சேர்க்க மாட்டாங்க. வெளிச்சம் ஏத்தி வெச்ச லேப்டாப் ஸ்கிரீன்ல பார்த்து பிரிண்ட் கொடுத்தா முதல் படம் இருட்டாத்தான் வரும். ஸ்கிரீனை கேலிப்ரேட் பண்ற கருவிக்கு தனியா காசு ஆகும், அதை நான் இதுல சேர்க்கல.

4. எத்தனை பிரிண்ட்ல காசு திரும்பும்?

பிரிண்டர் விலையில 5 வருஷம் கழிச்சு விக்கிற விலையைக் கழிச்சு, 5 வருஷ பராமரிப்பைக் கூட்டணும். அதை ஒரு பிரிண்ட்ல மிச்சமாகுற காசால வகுக்கணும். அவ்வளவுதான்.

டை டேங்க்:
- பிரிண்டர் ₹50,000, மறுவிற்பனை ₹10,000, பராமரிப்பு வருஷம் ₹2,000 வீதம் ₹10,000. நிகரம் ₹50,000.
- லேப்ல 12 x 18 சாதாரண பிரிண்ட் ₹100. வீட்ல ₹77. மிச்சம் ₹23.
- 50,000 / 23 = சுமார் 2,174 பிரிண்ட். 5 வருஷத்துக்கு மாசம் 36.

மாசம் 36 படம், அதுவும் 12 x 18 சைஸ்ல! கல்யாண ஆல்பம் தொழில் பண்றவங்களைத் தவிர வேற யார் எடுப்பா? வீட்டு பயன்பாட்டுக்கு இந்த கணக்கு எந்த பக்கம் திருப்பினாலும் கட்டாது. லேப்காரர் ஆயிரக்கணக்குல எடுக்கிறார், அவரோட விலையை வீட்ல உட்கார்ந்து ஜெயிக்க முடியாது.

பிக்மென்ட்:
- பிரிண்டர் ₹90,000, மறுவிற்பனை ₹20,000, பராமரிப்பு வருஷம் ₹6,000 வீதம் ₹30,000. நிகரம் ₹1,00,000.
- லேப்ல ஃபைன் ஆர்ட் பிரிண்ட் ₹900. வீட்ல ₹482. மிச்சம் ₹418.
- 1,00,000 / 418 = சுமார் 240 பிரிண்ட். மாசம் 4.

பார்த்தீங்களா, விலை அதிகமான பிரிண்டர்தான் சீக்கிரம் காசை திருப்புது. ஆனா இங்கதான் நிறைய பேர் தங்களைத் தாங்களே ஏமாத்திக்கிறாங்க. 240 பிரிண்ட்டை லேப்ல எடுத்தா 240 x 900 = ₹2,16,000. வீட்ல எடுத்தா 240 x 482 = ₹1,15,680, அதோட பிரிண்டர் செலவு 1,00,000 சேர்த்து ₹2,15,680. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதாவது "காசு திரும்புது"னு சொல்ற இடத்துக்கு வர்றதுக்குள்ள பிரிண்ட்டுக்காக ₹2.16 லட்சம் செலவாகியிருக்கும்.

போன வருஷம் ஃபைன் ஆர்ட் பிரிண்ட்டுக்கு லேப்ல எவ்வளவு கொடுத்தீங்கனு ஜிபே ஹிஸ்டரியில பாருங்க. வருஷம் ₹43,000 பக்கத்துல இருந்தா பிரிண்டர் நியாயமான செலவு. ₹3,000 இருந்தா, மிச்சப்படுத்த அங்க ஒண்ணுமே இல்ல.

5. சும்மா இருந்தாலும் செலவு

பராமரிப்புக்கு ஏன் வருஷம் ₹6,000 போட்டேன்னு கேட்கலாம். இங்க்ஜெட் பிரிண்டரை பயன்படுத்தாம விட்டா நாசில்ல மை காய்ஞ்சு அடைச்சுக்கும். ஹெட் கிளீனிங் கொடுத்தா அடைப்பு போகும், மையும் போகும். அந்த மை போய்ச் சேர்ற வேஸ்ட் இங்க் பேட் அல்லது மெயின்டனன்ஸ் பாக்ஸ் நிறைஞ்சா பிரிண்டர் நின்னுடும், மாத்தணும். ஹெட்டே போயிட்டா சில மாடல்களுக்கு புது பிரிண்டரை யோசிக்கிற அளவுக்கு செலவு வரும்.

நம்ம ஊர் வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் சில பழக்கங்கள் அவசியம்:
- வாரம் ஒரு தடவை எல்லா கலரும் இருக்கிற ஒரு சின்ன படமாவது எடுங்க.
- சுவர் சுவிட்சை நேரா அணைக்காதீங்க. பிரிண்டர் பட்டன்ல அணைச்சாத்தான் ஹெட் மூடிக்குள்ள போய் உட்காரும்.
- பேப்பரை அதோட கவர்ல சீல் பண்ணி வையுங்க. மழைக்காலத்துல ஈரம் ஏறின பேப்பர் வளைஞ்சு ஹெட்ல உரசும்.
- வாரன்டியை முழுசா படிங்க. சில மாடல்களுக்கு "இத்தனை மாசம் அல்லது இத்தனை பிரிண்ட், எது முதல்ல வருதோ அது"னு இருக்கும். வேற கம்பெனி மை ஊத்தினா வாரன்டி நிற்குமானும் கேட்டுக்கோங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க நாசில் செக் பிரிண்ட் ஒண்ணை உங்க கண்ணு முன்னாடி எடுக்கச் சொல்லுங்க. கோடு விட்டு விட்டு வந்தா விலை பேசாம கிளம்பிடுங்க. எப்சன் பி800 மாதிரி பழைய மாடல்ல கிளாஸிக்கும் மேட்டுக்கும் மாறும்போது கருப்பு மை மாத்துறதுக்கே கொஞ்சம் மை வீணாகும். பி700, பி900ல அந்த பிரச்சனை இல்ல.

6. "நோ காஸ்ட்" இஎம்ஐ

வட்டியே இல்லாத கடன் கிடையாது. ஜீரோ பர்சென்ட் வட்டிங்கிற கருத்தே இல்லைனு ரிசர்வ் வங்கி 2013லயே சொல்லிடுச்சு. ₹90,000 பிரிண்டரை 12 மாசம் ₹7,500 வீதம் கட்டுறீங்க, கார்டு வட்டி 15%னு வெச்சுக்கோங்க. பேங்க் உண்மையில கொடுக்கிற கடன் சுமார் ₹83,095. மீதி ₹6,905 தான் வட்டி. அதை கடைக்காரரோ கம்பெனியோ தள்ளுபடியா கொடுக்கிறாங்க. கிரெடிட் கார்டு இஎம்ஐனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, அதாவது சுமார் ₹1,243 உங்க தலையில. பிராசஸிங் ஃபீ தனி.

இது பெரிய தொகை இல்ல. ஆனா கடைக்காரர்கிட்ட "மொத்தமா கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?"னு ஒரு தடவை கேளுங்க. அந்த ₹6,905ல ஒரு பகுதி உங்களுக்கே கிடைக்க வாய்ப்பு இருக்கு.

7. வித்தா இஎம்ஐ வந்துடுமா?

₹1,500க்கு ஒரு ஃபைன் ஆர்ட் பிரிண்ட் விக்கிறீங்க. பேக்கிங், கூரியர் ₹150, பேமெண்ட் கட்டணம் ₹30. வீட்ல எடுத்தா கையில நிக்கிறது ₹838. லேப்ல ₹900 கொடுத்து எடுத்து வித்தா ₹420.

₹420 கம்மியா தெரியும். ஆனா அதுக்கு முதலீடு பூஜ்யம். அதனால முதல் 25 பிரிண்ட்டை லேப்ல எடுத்து வித்துப் பாருங்க. வித்துட்டா ₹10,500 கையில, வாங்குறவங்க யார்னும் தெரிஞ்சிருக்கும். 25 விக்கலைனா ₹90,000 தப்பிச்சது. இஎம்ஐ மாசா மாசம் தேதி தவறாம வரும், கஸ்டமர் அப்படி வரமாட்டார்.

இப்ப என் வேலைக்கு வர்றேன், வரி. (1961 சட்டத்தோட பிரிவு எண்களையே சொல்றேன். 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டத்துல எண்கள் மாறுது.)

சம்பளத்துல கழிக்கலாமா? முடியாது. சம்பளக்காரர் பிரிண்டர் விலையையோ தேய்மானத்தையோ சம்பளத்துல கழிக்க வழியே இல்ல. "பிசினஸ்னு காட்டி நஷ்டத்தை சம்பளத்துல அட்ஜஸ்ட் பண்ணலாம்"னு ரீல்ஸ்ல சொல்வாங்க. பிசினஸ் நஷ்டத்தை சம்பளத்தோட சரிக்கட்ட சட்டம் அனுமதிக்கல. ரிட்டர்னை கெடு தேதிக்குள்ள போட்டா, அந்த நஷ்டத்தை 8 வருஷம் வரைக்கும் வருங்கால பிசினஸ் லாபத்துல மட்டும் கழிக்கலாம்.

எந்த ரிட்டர்ன்? ஒரு ரூபா பிசினஸ் வருமானம் வந்தாலும் ஐடிஆர்-1 கிடையாது. சின்ன அளவுக்கு 44ஏடி வசதி: டிஜிட்டலா வந்த விற்பனையில 6%, ரொக்கத்துல 8% லாபம்னு காட்டி ஐடிஆர்-4 போடலாம். அது குறைந்தபட்ச அளவு. உண்மையான லாபம் அதைவிட அதிகம்னா அதிகமாவே காட்டுங்க. இந்த வழியில போனா தேய்மானம் தனியா கேட்க முடியாது. ஷேர், மியூச்சுவல் ஃபண்ட்ல குறுகிய கால லாபம் இருந்தா ஐடிஆர்-4 ஆகாது, ஐடிஆர்-3 போகணும்.

தேய்மானம்: கணக்கு எழுதி வெச்சு முறைப்படி போனா, பிரிண்டர் கம்ப்யூட்டரோட சேர்ந்ததா 40% வரும். முதல் வருஷம் 180 நாளுக்கு குறைவா பயன்படுத்தினா பாதி. வீட்டு உபயோகத்துக்கான பங்கை கழிச்சுடணும்.

ஜிஎஸ்டி: இதை பலர் கவனிக்கிறதில்ல. உங்க சொந்த படத்தை பிரிண்ட் பண்ணி விக்கிறது பொருள் விற்பனை. தமிழ்நாட்டுக்குள்ள ₹40 லட்சம் வரைக்கும் பொதுவா பதிவு தேவையில்ல. ஆனா இன்ஸ்டாகிராம்ல ஆர்டர் எடுத்து பெங்களூருக்கு அனுப்பினா அது மாநிலம் விட்டு மாநில விற்பனை. அதுக்கு முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேணும். கஸ்டமர் கொடுக்கிற படத்தை பிரிண்ட் போட்டுத் தர்றது சேவை, அதுக்கு ₹20 லட்சம் வரைக்கும் விலக்கு உண்டு. இந்த வரம்புல உங்க சம்பளம் சேராது.

கடைசியா, ஆபீஸ்ல கையெழுத்து போட்ட ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிங்க. வெளி வேலை கூடாதுனு ஒரு வரி இருந்தா, மாசம் ₹2,000க்காக ₹60,000 சம்பள வேலையில பிரச்சனை வரக் கூடாது. எழுத்துல அனுமதி வாங்கிட்டு ஆரம்பிங்க.

8. சரி, இப்ப என்ன பண்ணலாம்?

இன்னைக்கே இஎம்ஐ போடாதீங்க. ₹7,500க்கு 12 மாச ஆர்டி போடுங்க, இஎம்ஐ கட்ட நினைச்ச அதே தொகை. அந்த 12 மாசமும் வேணும்ங்கிற படத்தையெல்லாம் லேப்ல எடுங்க. போன்ல ஒரு நோட்ல தேதி, சைஸ், பேப்பர், விலை குறிச்சு வையுங்க.

வருஷக் கடைசியில மூணு நிலைமையில ஒண்ணு இருக்கும்:

- ஃபைன் ஆர்ட் பிரிண்ட் மாசம் நாலுக்கு மேல, காசும் சொந்தமா கொடுத்தது அல்லது வித்து வந்தது. பிக்மென்ட் ஏ3+ வாங்குங்க. ஆர்டி பணம் தயாரா இருக்கு, கடன் வேண்டாம்.
- சாதாரண பிரிண்ட் வருஷத்துக்கு 20, 30. லேப்லயே தொடருங்க. மொத்தம் ₹3,000 தான் ஆகியிருக்கும், ஆர்டியில ₹90,000 அப்படியே இருக்கு.
- ரெண்டு மாசம் எடுத்தேன், அப்புறம் மறந்துட்டேன். பிரிண்டர் வாங்கியிருந்தா இப்ப ஹெட் அடைச்சிருக்கும்.

இன்னொரு வகை ஆட்கள் இருக்காங்க. காசு திரும்பணும்னு இல்ல, ராத்திரி 11 மணிக்கு பேப்பர் மாத்தி மாத்தி ஒரே படத்தை எடுத்துப் பார்க்கிறதுலயே சந்தோஷம்னு இருக்கிறவங்க. அது தப்பே இல்ல. ஆறு மாச செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கு, டேர்ம் இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கு, எஸ்ஐபி நிக்காமப் போகுதுனா, தாராளமா வாங்குங்க. அதை "முதலீடு"னு வீட்ல சொல்லாதீங்க, பொழுதுபோக்கு செலவுனே சொல்லுங்க. பட்ஜெட்லயும் அந்த தலைப்புலயே எழுதுங்க.

உங்க ஊர்ல 12 x 18 சாதாரண பிரிண்ட்டும் ஃபைன் ஆர்ட் பிரிண்ட்டும் என்ன விலைனு கமெண்ட்ல போடுங்க. மத்தவங்க கணக்குக்கும் உதவும். வேற மாடல், வேற விலையில சந்தேகம் இருந்தா, பிரிண்டர் விலை, மை மில்லி, மை விலை மூணையும் எழுதுங்க. அதே முறையில போட்டுப் பார்த்துடலாம்.